கோமிதாஸ் வர்தபெட்டை தேடி யெரெவானுக்கு

ஆர்மேனியா போறவங்க அராரத் மலைய பாக்கறாங்க, கெகார்ட் மடாலயம் போறாங்க, ஆனா தலைநகர் யெரெவான் சிட்டிக்குள்ளயே இருக்கிற, இசைமேதை கோமிதாஸோட மியூசியத்த நெறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். நான் அந்த ஊருக்கு போனதே அவருக்காகத்தான். டூர்னு சொல்ல மனசு வரல, யாத்திரைன்னே வச்சுக்கோங்க.

கோமிதாஸ் ஒரு துறவி, கல்யாணம் பண்ணிக்காத, நல்லா படிச்ச குருமார வர்தபெட்னு சொல்லுவாங்க. 1869ல, இப்போ துருக்கியில இருக்கிற குத்தாஹ்யாங்கிற ஊர்ல பொறந்தார், அப்போ பேரு சொகொமோன். கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா போயிட்டாங்க, பத்து வயசுல அப்பாவும் போயிட்டார். 1881ல ஒரு அநாதைப் பையன, ஆர்மேனிய சபையோட தலைமையிடமான எச்மியாட்சின்ல குருமார் படிக்கற செமினரில சேக்கலாம்னு இவர கூட்டிட்டுப் போறாங்க, பையனுக்கு துருக்கி மொழிதான் வரும், ஆர்மேனியன் பேசவே தெரியாது, ஆனா சரகான்னு சொல்ற அவங்க சபைப் பாட்ட அர்த்தம் தெரியாமலே பாடறான், அத கேட்டு சபைத் தலைவர் நாலாம் கெவோர்க் அழுதுட்டாராம். இது மாதிரி ஒரு காட்சிய நம்ம அடியார் கதைகள்ல கேட்டு வளந்தவன் நான், அதனாலயோ என்னவோ உடம்பு சிலிர்த்துடுச்சு.

மியூசியம் 2015ல தொறந்தது. உள்ள அவர் கையெழுத்துப் பிரதிகள், போட்டோக்கள், பாட்டு கேக்கற வசதி எல்லாம் இருக்கு. நான் ரொம்ப நேரம் நின்னது அந்த நோட்டேஷன் முன்னாடிதான். அவர் கிராமம் கிராமமா போயி, ஏர் ஓட்டறவங்க, தாலாட்டு பாடற அம்மாக்கள், கல்யாண வீட்டுக்காரங்க பாடறத கேட்டு கேட்டு எழுதினவர், ஆயிரக்கணக்குல. கேக்கும்போதே வேகமா எழுதறதுக்கு லிமோன்ஜியான்னு ஒரு இசைக்காரர் உருவாக்கின ஆர்மேனிய ஸ்வரக் குறிகள்தான் அவருக்கு கைகொடுத்துச்சு. அப்புறம் காஸ்னு பழைய ஏட்டுல எழுத்துக்கு மேல போட்டிருக்கிற குறிகள், அத எப்படி படிக்கறதுன்னே எல்லாரும் மறந்து போயிருந்தாங்க, அத தெரிஞ்சுக்கறதுக்காகவே பல வருஷம் உழைச்சார். கோயில் பாட்டும் வயல் பாட்டும் ஒரே வேர்ல இருந்து வந்ததுன்னு சொன்னார். சாமி பாட்ட கச்சேரி மேடையில பாடலாமான்னு சபைக்குள்ளயே சிலர் சண்டை போட்டாங்க, ஆனா எனக்கு என்னமோ அவர் ஏர்ப்பாட்ட எழுதினதும் ஜெபம்தான்னு தோணுது.

1915 ஏப்ரல் 24 ராத்திரி கான்ஸ்டான்டிநோபிள்ல, அதாவது இப்போதைய இஸ்தான்புல்ல, ஆர்மேனிய இனப்படுகொலையோட தொடக்கமா ஆட்டோமான் அரசு ஆர்மேனிய அறிஞர்கள புடிச்சாங்க, அதுல இவரும் ஒருத்தர். கொஞ்ச நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க, ஆனா கண்ட கொடுமையில மனசு உடைஞ்சு போச்சு, எழுதி வச்ச தாள்கள் நெறைய சிதறிப் போச்சு. கடைசி காலம் பூரா பாரிஸ் பக்கத்துல மனநல மருத்துவமனைலதான், 1935ல அங்கயே காலமானார். மியூசியத்துல இத சொல்ற ரூம்ல எனக்கு நிக்கவே முடியல.

அடுத்த வருஷம் உடல யெரெவானுக்கு கொண்டுவந்தாங்க. மியூசியத்த ஒட்டியே பாந்தியோன், அதாவது பெரிய கலைஞர்கள அடக்கம் பண்ற இடம், அங்கதான் சமாதி. இசையமைப்பாளர் கச்சதூரியான், எழுத்தாளர் சரோயன், சினிமா டைரக்டர் பராஜானோவ் எல்லாரும் அதே இடத்துல இருக்காங்க, ஆனா அந்த இடத்துக்கே கோமிதாஸ் பேருதான். பூ வச்சு கும்பிட்டேன்.

அதோட திரும்பிடாதீங்க, அப்படியே எச்மியாட்சின் போங்க, டவுன்ல இருந்து 20 கிலோமீட்டர் வாக்குலதான். அங்க புனித ஹ்ரிப்சிமே கோயில் இருக்கு, 618ல கோமிதாஸ்னு ஒரு சபைத் தலைவர் கட்டினது, அவரே, விசுவாசத்துக்காக உயிர் விட்ட ஹ்ரிப்சிமே மேலயும் அவங்களோட சேந்து உயிர் விட்ட கன்னியர் மேலயும் பாட்டும் எழுதினவர், அவர் பேரத்தான் நம்ம சொகொமோனுக்கு துறவு குடுக்கும்போது வச்சாங்க. மியூசியத்த பாத்துட்டு இங்க வந்தா அந்த பேரோட பாரம் புரியும். போறதுக்கு முன்னாடி அவரோட பதரக், அதாவது ஆண்குரல் கோரஸுக்காக அவர் எழுதின திருப்பலி இசைய, ஒரு தடவ முழுசா கேட்டுட்டு போங்க, யூட்யூப்லயே கெடைக்குது.