தூக்கத்தில் பல் கடிக்கிறேன்: ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்டு 4, 2024, ஞாயிறு

மத்தியானம் சாம்பார் சாதத்தில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. துப்பிப் பார்த்தால் கல் இல்லை, பல்லின் துணுக்கு. கீழே இடது பக்கம் கடைவாய்ப்பல்லின் ஓரம் பெயர்ந்து வந்திருக்கிறது. நாக்கு பட்டால் பிளேடு மாதிரி அறுக்கிறது. சாம்பாரில் கிடந்தது பூசணிக்காய்தான். வெந்த பூசணிக்காய்க்கு ஒரு பல் உடைகிறது என்றால், அது ஏற்கெனவே விண்டு போயிருந்திருக்க வேண்டும்.

இவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி நீ பல்லைக் கடிக்கிற சத்தத்துல எனக்கு முழிப்பு வந்துருது. சொன்னா வருத்தப்படுவன்னு விட்டுட்டேன்" என்றார். போன வாரம் ஒரு நாள் செல்போனில் பதிவும் செய்திருக்கிறார். போட்டுக் காட்டினார். அம்மியில் கல் உப்பை நுணுக்குகிற சத்தம். நடுவில் நிற்கிறது, மறுபடி நறநற. அது என் வாயிலிருந்து வருகிறது என்று நம்பவே முடியவில்லை. தூங்குகிறவளுக்கு எதுவும் தெரிவதில்லை.

ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாகவே காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டிலும் வலி. கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் கடக் என்கிறது. பானைத் தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது. தலைவலிக்குக் கண் டாக்டரைப் பார்த்தேன், பல் கூச்சத்துக்குப் பேஸ்ட்டை மாற்றினேன். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று தோன்றவே இல்லை.

ஆகஸ்டு 10, சனி

பல் டாக்டரிடம் போய் வந்தேன். உடைந்த இடத்தைப் பார்க்கும் முன்பே, இரண்டு கன்னத்திலும் விரலை வைத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னார். விரலுக்கடியில் தசை உருண்டு திரண்டது. மாசெட்டர் என்று பெயராம். அதன் அளவுக்கு உடம்பிலேயே மிக பலமான தசைகளில் அது ஒன்று. ராத்திரி முழுவதும் வேலை பார்த்தால் மற்றத் தசைகளைப் போல இதுவும் பருத்துவிடும் என்றார். போன பொங்கல் போட்டோவில் என் முகம் சதுரமாகத் தெரிந்ததற்கு உடம்பு போட்டதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து என் பற்களை எனக்கே காட்டினார். கோரைப்பல்லின் முனை கூராக இருக்க வேண்டும். எனக்கு மேலும் கீழும் சாணை பிடித்த மாதிரி தட்டையாக இருக்கிறது. கீழ்த்தாடையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தச் சொன்னார். தேய்ந்த மேல்பல்லும் தேய்ந்த கீழ்ப்பல்லும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தின. விழித்திருக்கும்போது நான் தாடையை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதே இல்லை. இது சாப்பாட்டில் தேய்ந்தது இல்லை, தூக்கத்தில் தேய்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

உடம்பிலேயே கடினமானது பல்லின் மேல் உறையான எனாமல். எலும்பை விடக் கடினம். எடையில் 96 சதவீதம் தாது உப்புதான். ஆனால் கடைவாய்ப்பல்லின் மேட்டில்கூட அதன் தடிமன் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எனாமலுக்குக் கீழே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் மெத்தென்றது, சீக்கிரம் தேயும், சூடும் குளிரும் அதன் வழியாக நரம்பைத் தொடும். என் முன்பற்களின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிகிறது. இவ்வளவு நாள் அதைக் காபிக் கறை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து விளக்கியிருக்கிறேன்.

குறட்டை உண்டா, மூச்சு முட்டி எழுவதுண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ராத்திரி காபி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். காபியைத் தவிர எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பல் தேயாமல் இருக்க ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறைக்கு நைட் கார்டு என்று பெயர். தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறவர்களுக்கு மேல் தாடையில் மாட்டும் கார்டே மூச்சுத் திணறலைக் கூட்டிவிடலாம். குறட்டை இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

உடைந்த இடத்தை அடைத்துவிட்டார். நைட் கார்டு செய்ய 4,500 ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்டு 11, ஞாயிறு

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, வயித்துல பூச்சி இருக்கும். வேப்பங்கொழுந்து அரைச்சு மூணு நாள் முழுங்கு" என்றாள். அப்பாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள்.

அப்பா பல்லைக் கடிக்கிற சத்தம் வளவு வீட்டில் அடுத்த அறை வரை கேட்கும். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். முன்கோபக்காரர், பகலில் அடக்கியதை ராத்திரி கடிக்கிறார் என்று பெரியப்பா சொல்வார். பல்லைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்டு 23, வெள்ளி

ஒரு தப்பு செய்தேன், எழுதி வைக்கிறேன். காசை நினைத்து ஆன்லைனில் ஒரு கார்டு வாங்கினேன். வெந்நீரில் போட்டு மெதுவாக்கி, வாயில் வைத்துக் கடித்தால் பல்லின் அச்சு அதில் விழும். ரப்பர் மாதிரித் தடியாக இருந்தது. வாய் மூடவில்லை, குமட்டியது. அதோடு ராத்திரி முழுவதும் மெல்லுகிற உணர்வு. எட்டாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் வலது பக்கம் ஓட்டை. தலைவலியும் கூடியிருந்தது.

இன்று டாக்டரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. மெத்தென்று எதையாவது வாயில் வைத்தால் சிலருக்குத் தாடை அதைச் சவைக்கத் தொடங்கிவிடும், தசைக்கு ஓய்வு கிடைப்பதற்குப் பதில் வேலை கூடும் என்று விளக்கினார். லேசாகக் கடிக்கிறவர்களுக்கு மெத்தையான கார்டு போதும். என்னைப் போலக் கோரைப்பல்லே தட்டையாகிற அளவுக்கு அரைக்கிறவர்களுக்கு அக்ரிலிக் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த கார்டுதான் வேண்டும்.

பிறகு அளவு எடுத்தார். ஆல்ஜினேட் என்ற மாவைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் பரப்பி, மேல் தாடையில் அழுத்திப் பிடித்தார். கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருளாம். இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடுகிறது. தொண்டைப் பக்கம் வழியும்போது மூக்கால் மூச்சு விட்டு, கால் கட்டை விரலை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். குமட்டல் வரவில்லை. கீழ்த்தாடைக்கும் ஒன்று. இரண்டும் கடிக்கும் நிலைக்கு ஒரு மெழுகுப் பட்டை. இவற்றை வைத்து லேபில் பிளாஸ்டர் அச்சு வார்த்து, அதன் மேல் கார்டைச் செய்வார்கள்.

ஆகஸ்டு 31, சனி

கார்டு வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி தெளிவாக, குதிரை லாட வடிவில், தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். மேல்பற்கள் எல்லாவற்றையும் மூடுகிறது. ஒரு பல்லைக்கூட விடக் கூடாதாம். முன்பல்லை மட்டும் மூடும் கார்டை மாதக்கணக்கில் போட்டால், எதிர்ப்பல்லோடு தொடர்பு அற்றுப்போன பின்பற்கள் மெல்ல வளர்ந்து இறங்கிவிடும், கடியே மாறிப்போகும்.

வந்ததும் மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. மெல்லிய நீலத் தாளைப் பல்லுக்கிடையில் வைத்து, "டக் டக்குன்னு தட்டுங்க" என்றார். கார்டின் மேல் நீலப் புள்ளிகள் விழுந்தன. ஒரு பக்கம் அடர்த்தியாக, மறுபக்கம் ஒன்றுமே இல்லாமல். அடர்ந்த இடத்தைச் சின்னச் சக்கரத்தால் ராவினார். மறுபடி தாள், மறுபடி ராவல். கடைசியில் இரண்டு பக்கமும் எல்லாக் கீழ்ப்பற்களும் ஒரே சமயத்தில் ஒரே அளவு தொடுகிற மாதிரி வந்தது. பிறகு தாடையை இடமும் வலமும் நகர்த்தச் சொன்னார். கோரைப்பல் இருக்கும் இடத்தில் கார்டில் ஒரு சிறு சரிவு வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் நகர்ந்ததுமே கீழ்க் கோரைப்பல் அந்தச் சரிவில் ஏறி, பின்பற்களை ஒன்றையொன்று தொடாமல் பிரித்துவிடுகிறது.

அம்மியும் குழவியும் தொட்டால்தானே அரைபடும்? சூட்சுமம் மொத்தமும் அந்தச் சரிவில்தான் என்று எனக்குப் பட்டது. வெறும் பல்லாக இருந்தால் கடியின் பாரம் முழுவதும் உயர்ந்து நிற்கும் ஒன்றிரண்டு இடங்களில் இறங்கும், கார்டு அதை எல்லாப் பல்லுக்கும் பங்கு போடுகிறது. எனாமலை விட அக்ரிலிக் மெத்தென்றது, அதனால் தேய்கிறபோது அது தேயும், பல் தேயாது.

செப்டம்பர் 1, ஞாயிறு

முதல் ராத்திரி. வாய் முழுக்க எச்சில். சாப்பாடு வந்துவிட்டது என்று வாய் நினைத்துக்கொள்ளுமாம். "ச" சொன்னால் காற்று வருகிறது. காலையில் கழற்றியதும் பற்கள் வேறு யாருடையதோ போல இருந்தன, கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்திக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். காலையில் கழற்றிய கார்டைக் காகிதத்தில் சுற்றி அடுப்படித் திண்ணையில் வைத்துவிட்டேன். குப்பை என்று நினைத்து அம்மா கூட்டித் தள்ளிவிட்டாள். தென்னை மூட்டிலிருந்து எடுத்தோம். "சுடுதண்ணில போட்டுக் கொதிக்க வைக்கேன்" என்று அவள் பாத்திரத்தை எடுத்தபோது ஓடிப்போய்த் தடுத்தேன். சூட்டில் அக்ரிலிக் கோணிவிடும். பச்சைத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், ஒரு சொட்டுச் சோப்பு போதும். பேஸ்ட் போட்டால் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். இனி கார்டுக்கு இடம் டப்பா மட்டும்தான், ஓட்டை உள்ள டப்பா.

செப்டம்பர் 22, ஞாயிறு

மூன்று வாரம். காலைத் தலைவலி வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து ஒன்றாகிவிட்டது. ஆனால் இவர் மறுபடி பதிவு செய்து காட்டினார். நறநற இல்லை, டொக் டொக் என்று மந்தமாகக் கேட்கிறது. அப்படியானால் நான் இன்னும் கடிக்கிறேன். மனசு விட்டுப்போயிற்று.

டாக்டருக்கு போன் போட்டேன். "நான் நிறுத்திருவேன்னு சொல்லலையே, பல்லைக் காப்பாத்தும்னுதானே சொன்னேன்" என்றார். பல் கடிப்பது வாயில் தொடங்குவதே இல்லையாம். தூக்கத்தில் மூளை சில நொடி மேலெழும்பி வரும், நமக்கு முழிப்பு தெரியாது. இதயத் துடிப்பு கூடும், அதன் பின்னாலேயே தாடைத் தசை இறுகும். கார்டு அந்த அலையைத் தடுக்காது. அலை வந்து மோதுகிற இடத்தை மாற்றுகிறது. சிலருக்குக் கடிப்பதும் முதல் சில வாரங்கள் குறையும், பிறகு பழையபடி வந்துவிடும்.

இதை விற்கும்போது "பல் கடிப்பதை நிறுத்தும்" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் வருகிறது. நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு எத்தனை பேர் கழற்றி எறிந்திருப்பார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

செப்டம்பர் 30க்குள் கொடுக்க வேண்டிய வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு அக்டோபர் 7 வரை நேரம் கொடுத்தார்கள். ஆபீஸில் ராத்திரி பத்து மணி வரை வேலை, ஒன்பது மணிக்கு ஒரு காபி. கார்டின் வலது பக்கம் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, நகத்தை வைத்தால் தட்டுப்படுகிறது. இந்த வாரம் எப்படிப் போனது என்று என் வாயே எழுதி வைத்திருக்கிறது.

பகலிலும் கடிக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். கணக்கு இடிக்கும்போதெல்லாம் பல் சேர்ந்துவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பது என்று நாம் சும்மா சொல்வதில்லை. சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடி, பல் விலகி, நாக்கு மேலண்ணத்தில் இருக்க வேண்டும். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டி "பல்" என்று எழுதியிருக்கிறேன். சாயங்காலக் காபியோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அம்மா பழைய ஆல்பத்தை எடுத்தாள். அப்பா இருக்கிற படங்களில் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஒன்றிலும் அவர் பல் தெரியச் சிரிக்கவில்லை. இளவயதுப் படங்களில் வாய் நிறையச் சிரிக்கிறார். அறுபது வயதில் அவர் முன்பற்கள் பாதி உயரம்தான் இருந்தன. முறுக்கை டீயில் ஊற வைத்துத்தான் சாப்பிடுவார். "பல்லுக்கு வயசாயிட்டு" என்பார். வயசு இல்லை, அப்பா.

நவம்பர் 17, ஞாயிறு

பாப்பாவும் தூக்கத்தில் கடிக்கிறாள், எட்டு வயசு. பதறிப்போய்க் கூட்டிக்கொண்டு போனேன். பால் பல்லும் நிரந்தரப் பல்லும் மாறுகிற வயதில் கார்டு போட மாட்டார்களாம், தாடை வளர இடம் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாக நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேய்மானத்தைப் பார்த்தால் போதும் என்றார்கள். வேப்பங்கொழுந்து வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

மூன்று மாதப் பரிசோதனை. ஆகஸ்டில் எடுத்த பிளாஸ்டர் அச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல்லில் புதுத் தேய்மானம் தெரியவில்லை. கார்டில் வலது பக்கம் மூன்று கோடுகள், இடது பக்கம் ஒரு பள்ளம். அவற்றை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ராவித் திருத்திக் கொடுத்தார். சில வருஷத்தில் இதுவும் தேய்ந்து தீரும், அப்போது வேறு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து தம்பி வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாவின் பல்தான் அவனுக்கும். கேட்டதும் அவன் மனைவி, "ஆமா மதினி, ராத்திரி முழுக்க நறநறன்னுதான் கேக்கு. பூச்சி மருந்து குடுக்கணும்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். குறட்டை விடுவானா என்று அதற்குள் கவனித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.