சுரங்கத்துக்கு வெளியே நிற்கும் சிக்னல்

சேலத்தில் ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதைகள் உண்டே தவிர, காற்றோட்ட விசிறிகளும் கட்டுப்பாட்டு அறையும் தேவைப்படும் அளவுக்கு நீளமான சாலைச் சுரங்கம் கிடையாது. ஆயினும், பிற நகரங்களின் சுரங்கங்களுக்கு இடர் மதிப்பீடு செய்வதைத் தொழிலாகக் கொண்ட நான், அதற்கு வேண்டிய பலவற்றை சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் நின்றே கவனித்திருக்கிறேன்.

அந்த மதிப்பீட்டில், சுரங்கத்துக்குள் தீ எதனால் பற்றும் என்ற பகுதி எளிதானது. மின்கசிவு, இன்ஜின் சூடு, பிரேக் சூடு. கடைசியாகச் சொன்னதன் வாடை, 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏற்காடு அடிவாரத்துக்கு வருபவர்கள் அனைவருக்கும் தெரியும். பற்றிய பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் சிக்கல். ஒருவழிச் சுரங்கத்தில் கூரையில் பொருத்திய ஜெட் விசிறிகள் வாகனங்கள் செல்லும் திசையிலேயே காற்றைத் தள்ளுகின்றன. நடுவே ஒரு வாகனம் எரிந்தால், அதற்கு முன்னால் இருப்பவர்கள் ஓட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் பக்கம் புகை திரும்பாமல், நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகக் காற்று தடுக்கும். முன்னால் இருப்பவர்களுக்கு வழி திறந்திருக்கும் வரை இந்தக் கணக்கு சரி. வெளிவாயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிக்னல் இருந்து, அதன் மாலை நேர வரிசை சுரங்கத்துக்குள் நீண்டிருந்தால், தீயின் இருபுறமும் ஆட்கள் இருப்பார்கள். விசிறி புகையை ஒரு சாராரின் மீதே செலுத்தும். தொடக்க நிமிடங்களில் சூடான புகை கூரையை ஒட்டியே நகர்ந்து, கீழே நடந்து தப்ப ஓரளவு இடம் விடுகிறது. அவசரப்பட்டு விசிறிகளை முழு வேகத்தில் இயக்கினால் அந்த அடுக்கு கலைந்து, புகை முகமட்டத்துக்கு இறங்கிவிடும்.

1999-இல் பிரான்ஸ்–இத்தாலி இடையிலான மோன் பிளாங்க் சாலைச் சுரங்கத்தில் 39 உயிர்களைப் பறித்த தீ போன்ற விபத்துகளுக்குப் பின், 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதிமுறை, நெரிசல் மிகுந்த ஒருவழிச் சுரங்கங்களில் இவ்வகைக் காற்றோட்டத்தை நிபந்தனையுடன்தான் அனுமதிக்கிறது: அது ஏற்கத்தக்கது என்று இடர் பகுப்பாய்வு காட்ட வேண்டும், அல்லது போக்குவரத்துக் கட்டுப்பாடு, நெருக்கமான அவசர வழிகள் போன்ற ஏற்பாடுகள் இருக்க வேண்டும். நான் சரிபார்த்த ஒரு பெருநகரத் திட்ட அறிக்கையோ, "நெரிசல் எதிர்பார்க்கப்படவில்லை" என்ற ஒற்றை வரியில் இதைக் கடந்துவிட்டது. எந்த ஊரில் என்று கேட்கத் தோன்றியது.

ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கம் தரையைத் தொடும் இடத்தில், ஒரு டவுன் பஸ் ஆள் ஏற்றுவதற்காகச் சற்று நேரம் நின்றாலே போதும், பின்னால் வரிசை மேலேறத் தொடங்கிவிடும். கிடைத்த இடைவெளிகளையெல்லாம் இரு சக்கர வாகனங்கள் அடைத்துக்கொள்ள, பஸ்ஸின் படியிலிருந்து இறங்கிக் காலை ஊன்றக்கூட இடம் இருக்காது. மதிப்பீட்டுக்கு நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளிலோ வாகனங்கள் ஒழுங்கான இடைவெளி விட்டு நிற்கின்றன. மக்கள் சீராக நடந்து அவசர வழியை அடைகிறார்கள்.

அவர்கள் நடக்கத் தொடங்குவதற்கே எவ்வளவு நேரமாகும் என்பது வேறு கேள்வி. சங்ககிரியில் லாரி ஓட்டுநர்களுக்கு நடந்த பாதுகாப்பு வகுப்பில், புகையைக் கண்டதும் இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை வண்டியிலேயே வைத்து, இறங்கி நடக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மூத்த ஓட்டுநர் ஒருவர் இடைமறித்தார்: "வண்டிய விட்டுப்போட்டு எப்படிங்க சார் போறது? லோடு போச்சுன்னா ஓனருக்கு நான்தானுங்க பதில் சொல்லோணும்." மோன் பிளாங்கில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாகனங்களை விட்டு வெளியேறாதவர்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அன்று முதல், ஆட்கள் அசையத் தொடங்கும் நேரத்தை மென்பொருள் தரும் அளவிலேயே விடாமல் கூட்டி வைக்கிறேன். ஒலிபெருக்கி அறிவிப்பில் சரக்குக்குப் பொறுப்பு யார் என்பதையும் சொல்லுமாறு பரிந்துரைக்கிறேன்.

மேற்சொன்ன அறிக்கைக்கு நான் எழுதிய முதன்மைத் திருத்தம், தீ எச்சரிக்கை வந்தவுடன் வெளிவாயில் சிக்னலைப் பச்சையில் நிறுத்தி வரிசையைக் காலி செய்யும் அதிகாரத்தைச் சுரங்கக் கட்டுப்பாட்டு அறைக்கு வழங்க வேண்டும் என்பதாகும். விசிறிகள் ஒரு துறையிடமும் சிக்னல் வேறொரு துறையிடமும் இருப்பதால், அந்தத் திருத்தம் இப்போதைக்கு இரு அலுவலகங்களுக்கும் இடையே கடிதமாகப் போய்வந்துகொண்டிருக்கிறது.