தண்ணீர் லாரிக் கணக்கும் ஒரு கம்பெனியும்

சென்னையில் ஸ்டார்ட்அப் என்று பேச்செடுத்தால், யாராவது ஒருவர் கிரீஷ் மாத்ருபூதத்தின் உடைந்த டிவியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்துவிடுவார். அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது டிவி உடைந்தது, இழப்பீட்டுக்கு அலைந்தார், அந்த அனுபவத்தில் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க் முளைத்தது, கம்பெனி 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக் வரை போனது. கதையில் பொய் இல்லை. ஆனால் 2010இல் கம்பெனி தொடங்குவதற்கு முன் அவர் ஜோஹோவில் பல ஆண்டுகள் இதே வகை மென்பொருளில் ஊறியவர் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. டிவி உடைந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

என் எரிச்சல் தண்ணீர் லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயிலே வந்தது. பெரும்பாக்கத்தில் இருந்த எங்களுக்கு லாரியை விட்டால் வேறு கதி இல்லை. சொன்ன நேரத்துக்கு வராது, போனை எடுக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு நான் எங்கள் குடியிருப்பின் அசோசியேஷன் கமிட்டியில் வேறு அகப்பட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் காற்று வந்தால் முதலில் தட்டப்படும் கதவு என்னுடையது.

அலுவலகத்தில் என் வேலை ஆலைக் கருவிகளுக்கான சென்சார்களுக்கு நிரல் எழுதுவது. சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கும் தொட்டியில், மட்டம் இறங்கும்போதே லாரிக்குச் செய்தி போகும்படி ஒரு கருவி செய்தால் என்ன என்று தோன்றியது. ரிச்சி தெருவில் அல்ட்ராசோனிக் சென்சாரும் சிம் கார்டு போடும் போர்டும் வாங்கி வந்தேன். வீட்டில் பக்கெட்டில் வைத்துப் பார்த்தபோது அருமையாக அளந்தது. சம்ப்புக்குள் இறக்கியதும் புத்தி மாறியது. ஈரம் சென்சாரின் முகத்தில் துளித்துளியாகப் படிந்து, பாதி சம்ப் காலியாக இருக்கும்போதே நிரம்பிவிட்டதாகச் சொன்னது. இரும்பு மூடியைப் போட்டால் சிக்னல் செத்துவிடும். கடைசியில் அதை விட்டுவிட்டு, அடியில் மூழ்கிக் கிடந்து நீரழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் சென்சாருக்கு மாறினேன். விலை பல மடங்கு. ஆன்டெனாவைக் குழாய் வழியாக வெளியே எடுத்தோம்.

பக்கத்துக் குடியிருப்புகளில் எல்லோரும் பாராட்டினார்கள். பர்ஸைத் திறந்தவர் ஒருவரும் இல்லை. வழி காட்டியவர் எங்கள் செயலாளர். வங்கியில் ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. திரையில் நீர்மட்டத்தைக் காட்டி ஓடிய வரைகோட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, லோடு முழுதாக இறங்கியதா என்று இது சொல்லுமா?” என்றார்.

சொல்லும். எங்கள் சம்ப்பின் தரைப்பரப்பு 12 சதுர மீட்டர். மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 120 லிட்டர். 12,000 லிட்டர் லோடு இறங்கினால் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். அன்று 91 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. 1,080 லிட்டரைக் காணோம். செயலாளர் போனைக் கையில் எடுத்துவிட்டார். நல்லவேளை, லோடு இறங்கும்போது நடுவில் மோட்டார் ஓடியதை வாட்ச்மேன் சொன்னார். மாடித் தொட்டிக்குப் போன தண்ணீரைக் கூட்டினால் கணக்கு நேராகிவிட்டது. மோட்டார் ஓடும் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யத் தொடங்கியது அதன் பிறகுதான்.

எனக்கு எரிச்சல் தாமதத்தில். பணம் கொடுக்க வேண்டியவர்களுக்கு எரிச்சல் மாதக் கடைசிப் பில்லில். லோடு வாரியாக லிட்டர் கணக்கு அச்சாகி வந்ததும் அசோசியேஷன்கள் தாமாகவே விலை கேட்டன. லாரி உரிமையாளர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். ஒழுங்காக ஊற்றுகிறவர்கள், “பில் தகராறு ஒழிந்தது, அண்ணே” என்று மற்ற குடியிருப்புகளுக்கும் எங்களைச் சொல்லி அனுப்பினார்கள்.

கம்பெனிப் பதிவு பயந்த அளவுக்கு இல்லை. பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு இயக்குநர்கள் வேண்டும்; தங்கை சேர்ந்துகொண்டாள். அலுவலக முகவரிக்கு மின் கட்டண ரசீதும் வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கேட்பார்கள். கரண்ட் பில் வணிகக் கட்டணத்துக்கு மாறிவிடுமோ என்று அவர் பயந்ததைத் தெளிவிக்கத்தான் அதிக நேரம் ஆனது. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரத்தை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. அது இருந்தால் டிரேட்மார்க் விண்ணப்பக் கட்டணம் இணையவழியில் 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500தான்.

ஆட்டம் காட்டியது ஐப்பசி. மழை பிடித்ததும் லாரி தேவைப்படாது. “தை வரைக்கும் சந்தாவை நிறுத்துங்கள்” என்று வரிசையாகப் போன். அதனால் மாதச் சந்தாவை ஆண்டுச் சந்தாவாக்கினோம். ஏப்ரலில் புது பட்ஜெட் தொடங்குவதற்குள் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தங்கை போய் உட்கார்ந்துவிடுகிறாள். நான் வேலையை விட்டது, அந்த ஆண்டுச் சந்தாவில் எல்லோருக்கும் சம்பளம் கட்டுப்படியான பிறகுதான். முதலீட்டாளர் யாரும் இதுவரை இல்லை.

இப்போது எல்லாக் குடியிருப்புகளும் தண்ணீரின் உப்பையும் காட்டச் சொல்கின்றன. கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் சென்சாரில் படலம் படிந்து அளவு தப்புகிறது. அதை வாரம் ஒருமுறை துடைக்கச் சொன்னால் வாட்ச்மேன் என்னை முறைக்கிறார்.