சித்திக்கும் பூச்சிக்கும் ஒரே மாத்திரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தொற்றும் நோய் இல்லை. சித்தியின் வாய்ப்புண் அடங்கிய மறு வருஷம் எங்கள் நாய் பூச்சிக்கு மூக்கு மேல் பொருக்குக் கட்ட ஆரம்பித்ததும், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் லோரோங்கில், அதாவது சந்தில், பாதிப் பேர் நாயிடமிருந்துதான் சித்திக்கு வந்தது என்றார்கள், மீதிப் பேர் சித்தியிடமிருந்துதான் நாய்க்கு ஒட்டியது என்றார்கள், தண்ணீர்மலை முருகனுக்கு ஏதோ வேண்டுதல் பாக்கி என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டும் பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயின் வகை என்பது உண்மை, ஒரே வீட்டில் வந்தது வெறும் தற்செயல். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதத்தையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மனிதர்களுக்கு அது டெஸ்மோக்ளீன், நாய்களுக்குப் பெரும்பாலும் டெஸ்மோகாலின். பிடி விட்ட இடத்தில் கொப்புளம். விஷயம் இவ்வளவுதான், ஆனால் இதைக் கண்டுபிடிக்கும்வரை படும் பாடு இருக்கிறதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சித்திக்கு வந்தது பெம்ஃபிகஸ் வல்காரிஸ். இது பல பேருக்கு வாயில்தான் தொடங்கும், தோலுக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் தோல் டாக்டரை யாருக்கும் நினைவே வராது. வைட்டமின் குறைவு என்றார்கள், பூஞ்சை என்றார்கள், ஒரு பல் கிளினிக்கில் பல்செட்டை மாற்றச் சொன்னார்கள். சம்பலை விட்டார், ரசத்தை விட்டார், கடைசியில் மோர்ச் சோறுதான். முதுகில் கொப்புளம் உடைந்து பச்சைப் புண்ணாக நின்ற பிறகு அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிக் காட்டினோம். அங்கிருந்த இளம் டாக்டர் புண்ணுக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த தோலை விரலால் லேசாகத் தேய்த்தார், அது வழுக்கிக்கொண்டு உரிந்தது. மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் ஒரு முறைக்கு ஐந்து ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடக்கம், இந்த நாட்டில் எதற்கு நன்றி சொல்கிறோமோ இல்லையோ இதற்குச் சொல்லலாம்.

அங்கே இரண்டு துண்டு தோல் எடுத்தார்கள். ஒன்று கொப்புளத்தின் ஓரத்திலிருந்து, ஃபார்மலினில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க. இன்னொன்று பக்கத்தில் புண் இல்லாத தோலிலிருந்து, ஃபார்மலினில் போடாமல், எதிர்ப்புச் சக்தி அனுப்பித் தாக்கும் எதிர்ப்பொருள் செல்களுக்கு நடுவில் ஒட்டியிருக்கிறதா என்று ஒளிரவைத்துப் பார்க்க. புண் இல்லாத இடத்தில் எதற்குக் கத்தி வைக்கிறார்கள் என்று சித்தப்பா சத்தம் போட்டார். நோயை உறுதி செய்ததே அந்தத் துண்டுதான். மருந்து தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி, காசநோய் இரண்டுக்கும் பரிசோதனை செய்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் உள்ளே தூங்கிக் கிடப்பதெல்லாம் எழுந்துவிடுமாம்.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்ததால் பூச்சி விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. மூக்குத்தண்டில் சீழ்க்கொப்புளம், காது ஓரத்தில் மஞ்சள் பொருக்கு, பாதம் வெடித்து நடக்க முடியாமல் நொண்டல். முதலில் போன வெட் (கால்நடை டாக்டர்) கிளினிக்கில் அலர்ஜி ஊசி, ஷாம்பு, வேறு சாப்பாடு என்று போய்க்கொண்டே இருந்தது. ஊசி போட்டால் சில நாள் குறையும், திரும்ப வரும். அப்புறம் வேறு ஒரு வெட்டிடம் போய், சித்திக்குச் செய்த மாதிரி தோல் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்ய முடியுமா என்று நானே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, முதலில் சொறிப் பூச்சி, பாக்டீரியா, படர்தாமரை மூன்றும் இல்லை என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் சில வகைப் படர்தாமரை அச்சு அசலாக இப்படியே இருக்கும், அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கதை கந்தல் என்றார். சரி என்றேன்.

உடையாத ஒரு கொப்புளத்தைக் குத்தி, கண்ணாடித் துண்டில் தடவி, என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பொரித்த முட்டை மாதிரி நடுவில் கரு வைத்த உருண்டைச் செல்கள், பக்கத்துச் செல்லின் பிடி விட்டுத் தனித்தனியாக மிதந்தன. சந்தேகம் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ், நாய் பூனைகளுக்கு வரும் இந்த ரக நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். பயாப்ஸி நாளன்று குளிப்பாட்டாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள் என்றார். சுத்தமாகக் கொண்டுபோகலாமே என்று துடைத்துவிட்டால் நோய் தெரியும் பகுதியே போய்விடும், கழன்று விழுந்த பொருக்கைக்கூடக் குப்பியில் போட்டு அனுப்புவார்களாம். முன்பு போட்ட அலர்ஜி ஊசி ஸ்டீராய்டுதான், அதன் வேகம் அடங்கட்டும் என்று காத்திருக்கவும் சொன்னார், இல்லாவிட்டால் முடிவு குழம்பும். அந்தக் காத்திருப்புதான் கொடுமை, நாய் படும் வேதனையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். செலவும் சித்தியின் ஐந்து ரிங்கிட் கணக்கில் வராது, பல நூறு ரிங்கிட் போயிற்று.

முடிவு வந்ததும் கொடுத்தது சித்தி சாப்பிடும் அதே ஸ்டீராய்டு மாத்திரை, பிரெட்னிசலோன். சித்தி தன் டப்பாவைக் காட்டிச் சிரித்தார். மருந்து ஒன்றானாலும் அளவு வேறு: மனிதர்களுக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வாக்கில் தொடங்குவார்கள், பூச்சிக்குக் கிலோவுக்கு இரண்டு. ஒருவர் டப்பாவிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு டப்பாவிலும் மார்க்கரால் பெரிதாகப் பெயர் எழுதி வைத்தோம்.

அந்த மாத்திரையோடு வாழ்வது தனிக் கதை. பூச்சி வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தான், ஹாலெல்லாம் மூத்திரம், பசியில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தான். மருந்து குறைந்த பிறகும் சித்திக்கு ராத்திரித் தூக்கமும் அடங்காப் பசியும் முழுதாகச் சரியாகவில்லை, ஒரு மணிக்குச் சமையலறையில் லைட் எரிந்தால் இரண்டு பேரும் அங்கே இருப்பார்கள். "ஏன் சித்தி, அவனுக்கு பிஸ்கட் போடாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றால், "அவன் பசி எனக்குத்தான்பா தெரியும்" என்பார். அதற்கு என்ன பதில் சொல்ல? ஏற்கெனவே இனிப்பு நீர் இருப்பதால் சித்திக்குச் சர்க்கரை ஏறி, இன்சுலின் தேவைப்பட்டது. எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி. முகம் உப்பியதில்தான் அவருக்கு அதிக வருத்தம், கல்யாண வீட்டுக்குப் போகமாட்டேன் என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். சட்டென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்க மறந்திருப்பதால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து, இதை ஃபார்மசியில் இருந்தவர் மலாயில் விளக்கிச் சொன்ன பிறகுதான் கேட்டார். நான் சொன்னால் கேட்கவில்லை.

இருவருக்கும் ஸ்டீராய்டைக் குறைக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசாதியோப்ரின் சேர்த்தார்கள், அதனால் ரத்த அணுவும் கல்லீரலும் அடிக்கடி பார்க்க வேண்டும். இப்போது சித்தி சிறிய அளவு மருந்தில் நிற்கிறார், சம்பல் சாப்பிடுகிறார். புண் மறுபடி கிளம்பினால் ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி பற்றிப் பேசலாம் என்கிறார் டாக்டர், அமெரிக்காவில் 2018இல் இந்த நோய்க்கு அனுமதித்த மருந்து. பூச்சிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை, வெயில் பட்டால் நோய் கூடும் என்பதால் பொழுது சாய்ந்துதான் நடை.

பூனை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதே மருந்தைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அசாதியோப்ரின் பூனைக்கு ஆகாது, எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும். பூனைக்கென்றால் சைக்ளோஸ்போரின் அல்லது குளோராம்புசில் பற்றி வெட்டிடம் கேளுங்கள். நகக்கண்ணில் சீழ் கட்டினால் அதையும் காட்டுங்கள், பூனைக்கு இந்த நோய் அங்கேயும் வரும்.