மலைப்படங்களுக்கு விலை பேசிய 9 ஆண்டுகள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடிகளை இறக்கி, கேமரா பையைத் திறந்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் நிற்பேன். முதல் தடவை கூட வருகிறவர்கள் காட்சி பார்க்கத்தான் நிறுத்தியிருக்கிறேன் என்று நினைப்பார்கள். காட்சிக்கும் குறைவில்லை. கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும், சில நாள் சாலையோரச் சுவர் மேலேயே வரையாடு நிற்கும். ஆனால் நான் நிறுத்துவது லென்ஸுக்காக. ஏசியில் குளிர்ந்து கிடந்த லென்ஸை ஈரக்காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடியும் வேர்க்கும். அது தானாகவே வெளிக்காற்றின் சூட்டுக்கு வர வேண்டும்.

"ஏனுங்க, இன்னும் 31 வளைவு இருக்குதுங்களே" என்றார் ஒரு முறை கூட வந்தவர். அவருடைய கவலை நியாயமானது. படம் எடுக்க நாளுக்கு இவ்வளவு என்று பேசி என்னைக் கூட்டி வந்திருந்தார், அந்த நாளில் கால் மணி நேரம் சும்மா போகிறது. அந்தக் கால் மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறேன் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

2016இல் கோவையில் ஒரு ஸ்டுடியோ வேலையை விட்டேன். ஆறு வருடம் கல்யாண ஆல்பம் செய்திருந்தேன். விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு மலை ஏறுவேன், அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தார்கள் சில மலையேற்றக் குழுக்காரர்கள். இதையே தொழிலாகச் செய்யப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டார்: "கல்யாணத்துக்கு முகூர்த்தம் வந்தா வேலை வரும். மலைக்கு எதுடா முகூர்த்தம்?"

மலைக்கும் முகூர்த்தம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம், பெரும்பாலான மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அது ஓய்ந்தால் வடகிழக்கு. நல்ல வெளிச்சமும் திறந்த பாதையும் சேர்ந்து கிடைக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு கை விரல்களால் எண்ணும் வாரங்கள்தான். முதல் இரண்டு வருடம் அந்த வாரங்களை மட்டும் நம்பி இருந்தேன், மற்ற மாதங்களில் கல்யாண ஆல்பத்துக்கே திரும்பிப் போனேன். மழையும் எனக்கு வேலை நாள்தான் என்று காட்டிக் கொடுத்தது ஒரு திருப்பூர் பனியன் கம்பெனி.

பல வருடம் வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுத்த கம்பெனி அது. முதலாளிக்குச் சொந்தப் பெயரில் மலையேற்ற உடைகள் கொண்டு வர வேண்டும் என்று ஆசை. வேகமாக உலரும் பாலியெஸ்டர் டி-ஷர்ட், நடைக்கான பேன்ட், ஒரு மழை ஜாக்கெட். கேட்டலாகுக்குப் படம் வேண்டும், அதுவும் ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்க வேண்டும். ஸ்டுடியோவில் வைத்து ஸ்ப்ரே பாட்டிலால் அடித்து எடுத்துவிடலாம் என்றார் அவருடைய ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். ஜூலை மாதம், மேலே நிஜ மழையே பெய்கிறதே, அங்கேயே எடுப்போம் என்றேன் நான்.

வால்பாறையைச் சுற்றியுள்ள புலிகள் காப்பகத்துக்குள் தொழில்முறையாகப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அது வர நாளாகும். அதனால் மேனேஜரிடம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் எடுத்தோம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தவர் பாறை ஏறும் என் நண்பர். பத்து கிலோ பையைத் தோளில் மாட்டச் சொன்னேன், வெறும் தோளோடு மலையில் யாரும் நடப்பதில்லை. அரை மணி நேரத்தில் கால்களில் அட்டை ஏறியாகிவிட்டது. மழை சாய்ந்து அடித்தது. ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதியில் கேட்ட மாதிரியே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது, அந்தப் படம்தான் பிறகு கேட்டலாகின் முகப்புக்குப் போனது. ஆனால் நண்பர் பையை இறக்கியபோது பட்டை அழுத்தியிருந்த இடத்தில் துணி கறுத்துக் கிடந்தது. ஜாக்கெட்டைக் கழற்றினால், உள்ளே டி-ஷர்ட்டில் தோள்தையல் ஓடுகிற கோடு அப்படியே ஈரமாக அச்சு விழுந்திருந்தது. அதையும் கிட்டே போய் நாலைந்து படம் எடுத்தேன்.

"அதெல்லாம் வேண்டாங்க, அழிச்சிடுங்க" என்றார் மெர்ச்சண்டைசர். அவர் பயம் எனக்குப் புரிந்தது.

நான் அழிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் திருப்பூரில் முதலாளியின் மேஜையில் லேப்டாப்பை வைத்து நல்ல படங்களை எல்லாம் காட்டி முடித்தபின் அதையும் காட்டினேன். "இந்த இடத்துல தண்ணி உள்ள இறங்குதுங்கண்ணா." அவர் ஒன்றும் பேசவில்லை. ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பி, தோள்தையல் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். முப்பது வருடம் துணியோடு வாழ்ந்த விரல் அது. பாதியில் நின்றது. போனை எடுத்து யூனிட்டில் கேட்டார்: "ஷோல்டர்ல டேப் ஒட்டலையா?" தையல் ஓட்டைகளை உள்ளிருந்து மூடும் டேப் மற்ற இடங்களில் எல்லாம் இருந்தது, தோளில் மட்டும் விட்டுப் போயிருந்தது.

செப்டம்பரில் அடுத்த சாம்பிள் பீஸ் வந்தது. அதே எஸ்டேட், அதே நண்பர், அதே பத்து கிலோ பை. டி-ஷர்ட் காய்ந்தே இருந்தது. அந்த ஒரு வேலை எனக்கு ஐந்து வருட வேலையாக நீண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கொட்டேஷனிலும் படங்களோடு களக்குறிப்பு அரைப் பக்கம் தருவேன் என்று ஒரு வரி சேர்க்கிறேன். பொருளை மலையில் போட்டு நடந்தபோது எங்கே உராய்ந்தது, எந்த ஜிப் ஈரக்கையால் திறக்க வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். என்னைவிட நன்றாகப் படம் எடுப்பவர்கள் கோவையிலேயே நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த அரைப் பக்கத்துக்காகத்தான் என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

இடையில் வேறொரு பாடமும் கிடைத்தது. 2017இல் ஒரு மலைத் தங்கும் விடுதிக்கு 12 படங்கள் எடுத்தேன். எல்லாம் போனில் பேசியதுதான், இவ்வளவு ரூபாய், சரி, அவ்வளவே. ஒரு வருடம் கழித்து அதில் ஒன்று நெடுஞ்சாலையில் பெரிய விளம்பரப் பலகையாக நின்றது. இன்னொன்று வேறு ஒரு நிறுவனத்தின் காலண்டரில் வந்தது. கேட்டதற்கு "அதான் காசு கொடுத்துட்டோமே" என்றார்கள். கொதிப்போடு ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 17ஆவது பிரிவைக் காட்டினார். ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவன் நான் என்பதால் படம் என்னுடையது என்று அத்தனை நாள் நம்பியிருந்தேன்.

"வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற நாலு வார்த்தையில்தான் இன்று என் தொழில் நிற்கிறது. இப்போது வேலைக்கு முன்பே ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குகிறேன். பதிப்புரிமை எனக்கு. படத்தை எதில் பயன்படுத்தலாம், எந்த நாட்டில், எத்தனை வருடம் என்பது தெளிவாக எழுதியிருக்கும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்யும் திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வரி சட்டென்று உறைக்கும். ஜெர்மனிக்குச் சரக்கு போகும்போது கேட்டலாகும் கூடப் போகும், அதற்குத் தனி விலை என்றால் அவர்கள் முகம் சுளிப்பதில்லை. இவ்வளவு ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) துணி, இவ்வளவு பீஸ், இத்தனாம் தேதி டெலிவரி என்று நாள் முழுவதும் தாளில் பேசிப் பழகியவர்கள் அவர்கள். எழுதிக் கொடு என்று கேட்க நான்தான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாப் படத்தையும் விற்கலாம் என்ற எண்ணம் 2018 மார்ச் 11இல் போயிற்று. அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போனவர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள், எங்களைப் போலவே சனி ஞாயிறு பார்த்து மலைக்குப் போனவர்கள்.

அந்த வாரம் என் கணினியில் ஒரு படம் திறந்தபடி கிடந்தது. முந்தைய வருடம் மார்ச்சில் வேறொரு மலையில் எடுத்தது. சரிவு முழுக்க இடுப்பளவு புல், மாலை வெயிலில் தங்கம் மாதிரி. நடுவில் வரிசையாக நடந்து போகும் ஐந்து பேர். நான் எடுத்ததிலேயே அதிகம் பேர் கேட்ட படம் அதுதான், இரண்டு மலையேற்றக் குழுக்கள் அதைச் சுவரொட்டியாகப் போட்டிருந்தன. அந்தப் புல் ஏன் தங்கமாக இருக்கிறது? காய்ந்துவிட்டது, அதனால். ஒரு தீப்பொறி விழுந்தால் அந்தச் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும், மனிதனால் அவ்வளவு வேகமாக ஏற முடியாது. "மார்ச்சில் இங்கே வா" என்று அந்தப் படம் ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது, கூப்பிட்டது நான். இரண்டு குழுக்களுக்கும் போன் செய்து சுவரொட்டியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். அதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எடுத்த காய்ந்த புல்வெளிப் படத்தை அழைப்பு விளம்பரத்துக்கு இன்றுவரை நான் கொடுப்பதில்லை.

அந்த வருடமே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் கொண்டு வந்தது. கண்ட இடத்துக்குக் கூட்டிப் போவது நின்றது, நின்றதும் சரிதான். எனக்கும் மலை வேலை பாதிக்கு மேல் போய்விட்டது. அப்போதுதான் சென்னைக்கு அருகே கோவளத்துக்குப் போய் அலைச்சறுக்கு எடுக்கக் கற்றுக்கொண்டேன். கிழக்குக் கடற்கரையில் காலை வெயில் கடலிலிருந்து வருகிறது, கரையில் நின்று எடுத்தால் ஆள் நிழலுருவாகத்தான் விழுவார். முகம் தெரிய வேண்டுமானால் தண்ணீருக்குள் இறங்கி, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து எடுக்க வேண்டும். அதற்கு நீச்சலும் வேண்டும், கேமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டியும் வேண்டும். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்த பிறகு இந்தப் பக்கத்து வேலைக்குக் கேட்டு வருபவர்கள் கூடினார்கள். ஆனாலும் கடலில் நான் விருந்தாளிதான்.

பணம் வசூலிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இலவசமாக இணையத்திலேயே செய்து வைத்துக்கொள்ளுங்கள். சிறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வரைக்கும் வாடிக்கையாளர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. என் பில்லில் உத்யம் எண் இருப்பதைப் பார்த்து வாடிக்கையாளரின் ஆடிட்டரே அவருக்கு நினைவூட்டுகிறார். நான் போன் மேல் போன் போட வேண்டியதில்லை.

வழிகாட்டிகளுக்குத் தரும் கூலியைக் கொட்டேஷனில் தனி வரியாகவே எழுதுகிறேன், பேரத்தில் அதைக் குறைக்கச் சம்மதிப்பதில்லை. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' 40 பாதைகளோடு தொடங்கியதும் மலைக்கிராம இளைஞர்கள் பலர் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக ஆனார்கள். என் பழைய படங்களைப் புரட்டினால் முன்னால் நடந்து வழி காட்டியவர் அநேகமாகப் படத்துக்கு வெளியேதான் இருப்பார். விளம்பரத்துக்கு நகரத்து ஆள் வேண்டும் என்று நானே அவரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது. இப்போது அவர்களும் படத்துக்குள் இருக்கிறார்கள், சம்மதக் கையெழுத்து வாங்கி, மாடலுக்குத் தரும் அதே தொகையைக் கொடுத்து.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு புது வாடிக்கையாளர் பேசினார். என் தொகுப்பில் ஒரு ஓடைப் படம் பார்த்திருக்கிறார், பாறைமேல் பாசி, மேலிருந்து ஒற்றைக் கோடாக வெயில். படத்தோடு இடத்தின் பெயரும் வேண்டும், போஸ்டில் போட்டால் நிறைய பேர் பார்ப்பார்கள் என்றார். படத்துக்கு விலை சொன்னேன். இடத்தைச் சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டு பேர் அருகருகே நிற்க முடியாத இடம் அது, அந்தப் பாசியில் ஒரு செருப்புத் தடம் விழுந்தால் மறுமழைக்கும் போகாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிங்க, மாவட்டம் மட்டும் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். போட்டுக்கலாம் என்றேன். ஒப்பந்தத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், கையெழுத்து வர வேண்டும்.