திறக்காத ஓவன் கதவு

2024 நவம்பர் 23, சனி, ஸ்காபரோ

அடுத்த சனிக்கிழமை கிறிஸ்மஸ் கேக் போடுவது என்று அம்மா நாள் குறித்துவிட்டார். கஜு, பிளம்ஸ், செரி, பூசணித் தோசி எல்லாம் வெட்டி பிறண்டி ஊற்றி, ஒக்டோபரிலிருந்தே போத்தலில் ஊறுகின்றன. ஓவனுக்குள்தான் பழைய எண்ணெய் தெறித்துக் கறுப்பாக ஒட்டிக்கிடந்தது. அந்த மணம் கேக்கில் ஏறிவிடும் என்பதால் இன்று, ஓவன் தன்னைத்தானே சுத்தமாக்கும் செல்ஃப் கிளீனைப் போட்டேன்.

இரும்புத் தட்டுகளை வெளியே எடுத்தேன். அடியில் தேங்கிய எண்ணெயை முதலே துடைத்தேன். அதை விட்டால் புகை வரும், சிலவேளை தீயே பிடிக்கும். ஜன்னல்களைத் திறந்து, மேலே உள்ள ஃபானையும் போட்டேன். நிலக்கீழ் அறையில் இருக்கும் பிள்ளைகளின் இரண்டு லவ்பேர்ட்ஸையும் கூண்டோடு அவர்களுடைய சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினோம். இந்தப் புகை பறவைகளுக்கு ஆகாது. கூண்டை வேறு அறைக்கு மாற்றினால் மட்டும் போதாது.

1963இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முறை இது. சவர்க்காரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. உள்ளே சுமார் 880 பாகை பாரன்ஹைட், அதாவது 470 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி அழுக்கைச் சாம்பலாக்கிவிடும். அந்தச் சூட்டில் யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சின்ன மோட்டர் கொக்கியைத் திருப்பிக் கதவைப் பூட்டும். சூடு போதியளவு இறங்கிய பிறகுதான் விடும்.

மூன்று மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. இரவு பத்தரையாகியும் கதவு திறக்கவில்லை. இன்னும் ஆறவில்லையாக்கும் என்று படுக்கப் போகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கதவு பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருக்கிறது, ஆனால் பூட்டு விடவில்லை. திரையில் எஃப் எழுத்தில் தொடங்கும் ஒரு குறி மினுங்குகிறது. கூடவே விடாமல் பீப் சத்தம்.

இவர் வந்து கைபிடியில் பிடித்து இழுக்க வெளிக்கிட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். இழுத்தால் கொக்கி வளையும், பிணைச்சல் விலகும், கண்ணாடி வெடித்தாலும் வெடிக்கும். இப்போது பழுது ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இழுத்து அதை மூன்று இடமாக்க வேண்டாம் என்றேன்.

கீழே போய் ஓவனுக்கான 40 அம்பியர் இரட்டை பிரேக்கரை ஒரு நிமிடம் நிறுத்திப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தேன். திரும்பப் போட்டதும் பின்பக்கமிருந்து "ர்ர்ர்" என்று சத்தம். சில வினாடி ஓடி, நின்று, மறுபடி ஓடியது. மூன்று தரம் அப்படி ஓடியபின் திரும்பவும் பீப்.

அடுத்த தரம் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலான நீக்கலில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கொக்கி ஒரு பக்கம் விலகியது. பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றது! இதை இங்கே வடிவாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மோட்டர் சாகவில்லை என்பதற்கு இதுதான் அத்தாட்சி. பூட்டு திறக்கிறது, திறந்தபின் தானே திரும்பப் பூட்டிக்கொள்கிறது.

உடுப்புக் கொழுவியின் கம்பியை விட்டுக் கொக்கியைத் தள்ளவும் பார்த்தேன். எங்கள் மாடலில் கொக்கி ஒரு நீளக் கம்பியால் பின்னால் இருக்கும் மோட்டரோடு கட்டுண்டு கிடக்கிறது. கொழுவிக் கம்பிதான் வளைந்தது. விட்டுவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

திருத்துபவர்களுக்குப் போன் எடுத்தேன். டிசம்பர் 10க்கு முன் ஆள் இல்லையாம். கேக் தள்ளிப்போகும் என்று அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. "ஊறட்டும் பிள்ளை, ஊற ஊறத்தான் ருசி" என்றார் அவர்.

இரவு அடி லாச்சியைக் கழற்றினேன். அதன் பின்னால் ஒரு உறைக்குள் மடித்த தாள் இருந்தது. திருத்துபவர்களுக்காகக் கம்பெனி வைத்துவிடும் வயரிங் படம் அது. பல ஓவன்களில் இப்படி எங்காவது ஒளித்திருக்கும். ஆறு வருடமாக இந்த வீட்டில் சமைக்கிறேன், இன்றுதான் கண்டேன்.

படத்தை வைத்து எனக்கு விளங்கியது இவ்வளவு. மோட்டர் ஒரே திசையில்தான் சுற்றும். அதன் தலையில் ஒரு பக்கம் புடைத்த சில்லு. சில்லு அரைச் சுற்று சுற்றினால் கொக்கி பூட்டும், மற்ற அரைச் சுற்றில் திறக்கும். கொக்கி எங்கே நிற்கிறது என்று, ஓவனை இயக்கும் மின்பலகையான போர்டுக்குக் கண் தெரியாது. சில்லின் பக்கத்தில் இருக்கும் சின்ன சுவிச் அமுங்கினால்தான் "திறந்தாயிற்று" என்று அதற்குத் தெரியும். அந்தச் செய்தி வராவிட்டால் போர்டு மோட்டரைச் சுற்றிக்கொண்டே போகும், கடைசியில் அலுத்து நிறுத்திவிடும். கொக்கி எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணால் கண்டதும் இதுதானே! சுவிச்சில் எனக்குச் சந்தேகம். சூட்டை அளக்கும் சென்சர் பிழைத்து, உள்ளே இன்னும் கொதிக்கிறது என்று போர்டு நினைத்தாலும் கதவு பூட்டியே இருக்கும். ஆனால் அப்படியென்றால் மோட்டர் திறக்கவே முயன்றிருக்காது. எதற்கும் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 30, சனி

கோயிலில் பழக்கமான ஒரு அண்ணை மீற்றரோடு வந்தார். முன்பு தொழிற்சாலையில் மின்வேலை செய்தவர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, பிளக்கைக் கழற்றியாச்சா?" பிரேக்கரை நிறுத்தியது போதாது என்று சொல்லி, ஓவனை முன்னுக்கு இழுத்துப் பிளக்கையும் கழற்றச் செய்தார். 240 வோல்ற். விளையாட்டில்லை. கழற்றிய பிறகும் உள்ளே மீற்றரை வைத்துப் பூச்சியம் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.

பின் தகட்டைக் கழற்றினோம். முதலில் சென்சர்: 1,085 ஓம். குசினியில் 22 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டுக்குச் சரியான கணக்கு, சென்சரில் பிழையில்லை. அடுத்தது மோட்டர் சுருள். அதுவும் அறுந்திருக்கவில்லை.

கடைசியில் சுவிச். வயரைக் கழற்றி மீற்றர் முனைகளை வைத்துக்கொண்டு, அண்ணை சில்லைக் குறட்டால் மெதுவாகச் சுற்றினார். புடைப்பு வந்து நெம்பை அமுக்குகிறது, "டிக்" சத்தம் இல்லை, மீற்றரும் பேசவில்லை. திரும்பவும் சுற்றினார், அதே கதைதான். கிட்டப் பார்த்தால் சுவிச்சின் பிளாஸ்ரிக் ஒரு பக்கம் தவிட்டு நிறமாகி வெம்பியிருந்தது.

அதற்குக் காரணமும் கண்ணில் பட்டது. ஓவன் பெட்டியைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பஞ்சு அந்த மூலையில் வழுகி இறங்கி, உள்ளங்கையளவு தகடு வெறுமனே தெரிந்தது. 470 பாகைச் சூடு நேரே சுவிச்சின் முகத்தில் அடித்திருக்கிறது. கையுறை போட்டுப் பஞ்சை மேலே ஏற்றி, தகட்டுக்குப் பின்னால் செருகினோம்.

சில்லை இன்னும் கால் சுற்றுச் சுற்றி, "இப்ப திறந்து பாருங்கோ" என்றார். திறந்தது! ஒரு கிழமைக்குப் பிறகு உள்ளே பார்க்கிறேன். அடியில் ஒரு பிடி சாம்பல்தான். ஈரத்துணியால் ஒரு இழுவையில் எல்லாம் போய்விட்டது. கதவோரத்தில் சூட்டை அடைக்கும் நார்ப் பட்டியை மட்டும் தொடவில்லை. அதைத் தேய்த்தால் சூடு கசியத் தொடங்கும்.

கதவு திறந்தாலும் பேக் செய்ய விடாது. திரையில் அந்தக் குறி மறையும்வரை போர்டு சூடேற்றாது. சுவிச்சை நேரே இணைத்து போர்டை ஏமாற்றலாமா என்று இவர் கேட்டார். அண்ணை ஒரேயடியாக மறுத்துவிட்டார். நானும் அவர் பக்கம்தான். அடுத்த தரம் கதவு பூட்டாமலே 880 பாகைக்கு ஏறினால் யார் பொறுப்பு? எங்கள் மாடலுக்குச் சுவிச்சைத் தனியே விற்கவில்லை. மோட்டரோடு சேர்ந்த முழுத் துண்டுக்கு இன்று ஓர்டர் கொடுத்தோம்.

டிசம்பர் 5, வியாழன்

பொருள் வந்தது. கழற்றும்போது எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து நானே பூட்டினேன். இரண்டு ஸ்குரூ, நாலு வயர், கொக்கிக் கம்பியைச் சில்லில் மாட்டுவது, அவ்வளவுதான். அண்ணை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போட்டதும் குறி வரவில்லை. செல்ஃப் கிளீனை அமுக்கி, கொக்கி பூட்டியதும் உடனே ரத்துச் செய்தேன். "ர்ர்ர்... டிக்." திறந்தது. மூன்று தரம் செய்து பார்த்தேன், மூன்று தரமும் அந்த "டிக்" கேட்டது.

டிசம்பர் 7, சனி

காலை ஐந்தரைக்கே அம்மா ரவையை வறுக்கத் தொடங்கிவிட்டார். ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் வீடு முழுக்க மணக்கிறது. சென்சரைக் கழற்றிப் பூட்டியதால், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியில் 300 பாகை பாரன்ஹைட் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டை உள்ளே விட்டேன்.

இரண்டரை மணித்தியாலம். கதவைத் திறந்து அம்மா நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தார். மா ஒட்டவில்லை. ஆறியதும் முதல் துண்டு அண்ணை வீட்டுக்கு, இரண்டாவது கீழ் அறைப் பிள்ளைகளுக்கு.