அன்வொத் ஆலயத்துத் தகைவிலான்கள்

கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் என்னும் சிற்றூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், கேலோவே வட்டாரத்தில், ஃப்ளீட் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர் அது. அங்கிருந்து அன்வொத் பழைய ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம். சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்களுக்கு இடையே, ஈரப் புல்லின் மணத்தோடு, வழியில் ஒருவரையும் சந்திக்காமல் நடந்தேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு கடிதத் தொகுப்பு. என் தாயார் மறைந்த ஆண்டில், எங்கள் சபையின் ஓய்வுபெற்ற போதகர் ஐயா ஒருவர் அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்து, "ஒரு நாளைக்கு ஒரு கடிதம் வாசியுங்கள், அதற்கு மேல் வேண்டாம்" என்றார். பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் போதகர் சாமுவேல் ரதர்ஃபோர்டின் கடிதங்கள் அவை; ஆண்ட்ரூ போனார் பதிப்பித்தவை. மொத்தம் 365. சரியாக ஓர் ஆண்டு அந்த மனிதரோடு வாழ்ந்தேன். அவர் ஊழியம் செய்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று பிறகு தோன்றிவிட்டது.

ஆலயத்துக்கு இப்போது கூரை இல்லை. 1820களில் பக்கத்திலேயே புதிய ஆலயம் எழுந்ததும் பழையதைக் கைவிட்டார்கள். சுவர்கள் மட்டும் நிற்கின்றன. நீளமாகவும், நான் எண்ணியிருந்ததைவிட மிகக் குறுகலாகவும் இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ரதர்ஃபோர்ட் 1627இல் இந்தச் சிறிய கற்கூட்டுக்குள் வந்து, பண்ணைகளாகச் சிதறிக் கிடந்த மக்களுக்கு ஒன்பது ஆண்டுகள் மேய்ப்பராக இருந்தார். வந்த மூன்றாம் ஆண்டில், பதின்மூன்று மாதம் நோயில் கிடந்த மனைவி யூஃபேம் இறந்தார். பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அடக்கம் செய்தார். இரண்டு மணங்களிலும் பிறந்தவர்களில் ஆக்னஸ் என்ற ஒரே மகள்தான் அவருக்குப் பின் உயிரோடிருந்தாள்.

1636இல் அவருடைய வாயை அடைத்தார்கள். அரசர் சார்லஸும் பேராயர்களும் திருச்சபையின்மேல் சுமத்திய வழிபாட்டு முறைகளுக்கு அவர் இணங்கவில்லை. இறையருளை ஏற்பதும் மறுப்பதும் மனிதரின் விருப்பத்தில் இருக்கிறது என்ற அர்மீனியஸ் என்னும் இறையியலாளரின் கொள்கையை மறுத்து லத்தீனில் அவர் எழுதிய நூலும் அந்த ஆண்டுதான் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்திருந்தது. திருச்சபை வழக்குகளை விசாரித்த உயர் ஆணைய நீதிமன்றம் அவரைப் பதவி நீக்கி, நாட்டின் வடகிழக்கில் இருக்கும் அபர்டீனுக்கு நாடுகடத்தியது. அங்கே சிறை இல்லை, விலங்கு இல்லை; தெருவில் நடக்கலாம், நண்பர்களைப் பார்க்கலாம், பிரசங்கம் மட்டும் செய்யக்கூடாது. பிரசங்கிப்பதற்கென்றே பிறந்த ஒருவருக்கு அதைவிடக் கடுமையான சிறை எதுவென்று எனக்குத் தெரியவில்லை. தம் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் "ஊமை ஓய்வுநாட்கள்" என்று குறிப்பிடுகிறார். ஏழைக்கு இருந்த ஒற்றைக் கண்ணைப் பிடுங்கியதுபோல, கிறிஸ்துவைப் பிரசங்கிக்கும் ஒரே மகிழ்ச்சியைப் பறித்துக்கொண்டார்கள் என்கிறார்.

அந்தக் கண் போனபோதுதான் பேனா பேசத் தொடங்கியது. 365 கடிதங்களில் ஏறத்தாழ 220 அபர்டீனில் இருந்த அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் எழுதப்பட்டவை. சிலவற்றைக் "கிறிஸ்துவின் அரண்மனையிலிருந்து" என்று இடம் குறித்து அனுப்பியிருக்கிறார். அவற்றுள் ஒரு வரிக்காகத்தான் நான் இந்தச் சுவர்களுக்குள் நின்றேன்: அன்வொத் ஆலயத்தில் கூடு கட்டும் சிட்டுகளும் தகைவிலான்களும் பாக்கியம் பெற்ற பறவைகள் என்று, தொலைவிலிருந்து ஏங்கி எழுதுகிறார். அவர் மனத்தில் இருந்தது 84ஆம் சங்கீதம். நம் வேதாகமத்தில் "அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே" என்று வரும் இடம். அதைத் தமிழில் சத்தமாக வாசித்தேன். தகைவிலான் ஒன்றுகூட அன்று கண்ணில் படவில்லை. உத்தரமும் கூரையும் இருந்தால்தான் அவை கூடு கட்டும். சுவர் உச்சியில் படர்ந்த ஐவிக்கொடியில் என்ன செய்யும்?

கடிதங்களின் நடை எல்லாருக்கும் பிடிக்காது. உன்னதப்பாட்டின் மணவாளனும் மணவாட்டியும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள். நாயகி பாவத்தில் பாடிய அடியார்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாக இராது என்றே நினைக்கிறேன். என்னைத் தாங்கியவை ஆறுதல் கடிதங்கள். 1629இல் பச்சிளம் மகளை இழந்த கென்மூர் சீமாட்டிக்கு, நம் கண்ணுக்கு மறையும் விண்மீன் அணைந்துபோவதில்லை, பூமியின் மறுபாதியில் ஒளிர்கிறது என்று எழுதினார். அம்மா போன வீட்டில் அதை எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. அவருடைய மனைவி படுக்கையில் விழுந்தது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் என்பதை இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் கவனித்தேன்.

ஆனால் அவரை மென்மையான மனிதராக மட்டும் காட்டுவது சரியாகாது. அரசனும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்று வாதிட்டு 1644இல் "லெக்ஸ், ரெக்ஸ்" (சட்டம், அரசன்) என்னும் நூலை எழுதியவர், 1649இல் மனச்சாட்சிச் சுதந்திரத்தை எதிர்த்தும் ஒரு நூல் எழுதினார். மனச்சாட்சிக்காக வாயடைக்கப்பட்டவரே பிறர் வாயை அடைக்கலாம் என்று வாதிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. உள்நாட்டுப் போரில் வீழ்ந்த முடியாட்சி 1660இல் திரும்பியதும் "லெக்ஸ், ரெக்ஸ்" எடின்பரோவில் எரிக்கப்பட்டது. தேசத்துரோக விசாரணைக்கு அழைப்பாணை வந்தபோது அவர் மரணப் படுக்கையில் இருந்தார். 1661 மார்ச்சில் செயின்ட் ஆண்ட்ரூஸில் இறந்தார். இரண்டு நாள் முன்பு அங்கே பேராலயத்து இடிபாடுகளின் நடுவே அவருடைய கல்லறையைப் பார்த்துவிட்டுத்தான் இங்கு வந்தேன். கடிதங்களை அவருடைய மாணவர் ராபர்ட் மக்வார்ட் 1664இல் ரோட்டர்டாமில் அச்சிட்டார்.

குன்றின்மேல் 1842இல் எழுப்பிய கருங்கல் நினைவுத்தூண் உண்டு. ஏறிப் பார்த்தேன், காட்சி அழகு. ஆனால் இறங்கி மறுபடியும் ஆலயத்துக்குள்தான் வந்து உட்கார்ந்தேன். அதன் நடுவே, எழுத்துகள் நிறைந்த பெரிய கல்லறை ஒன்று இருக்கிறது. கார்டோனஸ் கோர்டன் குடும்பத்தாருடையது. அந்தக் குடும்பத் தலைவருக்கும் அபர்டீனிலிருந்து கடிதங்கள் வந்தன. கோபக்காரரான அந்த நிலக்கிழாருக்கு விண்மீனும் மணவாளனும் மட்டுமல்ல, இன்னொன்றையும் எழுதினார்: குத்தகைக்காரர்களிடம் இரக்கமாக நடந்துகொள்ளும், உம்முடைய மனச்சாட்சியே உமக்குக் காரியஸ்தராக இருக்கட்டும். வாடகை வசூலிக்கும் காரியஸ்தரைப் பார்த்து நடுங்கிய உழவர்களும், அவர்களுடைய எஜமானும் இதே குறுகிய சுவர்களுக்குள் ஞாயிறுதோறும் பக்கம் பக்கமாக அமர்ந்திருந்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

மழை தொடங்கியதும் எழுந்தேன். மேற்கே நியூட்டன் ஸ்டூவர்ட்டுக்குப் போகும் பேருந்து, சாலையோர மேட்டில் பாழடைந்து நிற்கும் கார்டோனஸ் கோட்டையைக் கடந்துதான் போனது.